கேட்க ஆளில்லாத நேரத்தில் படிக்கப்படும் யூசர் ஸ்டோரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்துகொண்டு ஒரே மென்பொருளைக் கட்டும் குழுக்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வீடியோ அழைப்பு, சாட் செயலி, தூக்கம் கெடுவது என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தக் குழுவில் இருப்பவர் காலையில் கணினியைத் திறந்ததும் படிப்பது ஒரு டிக்கெட்டை, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பதிந்துவைத்த குறிப்பை. அதில் எழுதியிருக்கும் யூசர் ஸ்டோரியை, அதாவது பயனருக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லும் சில வரிகளை. வேலை தேங்குவதும் அங்கேதான். அதை எப்படி எழுதுவது என்பதைப் பற்றிப் பேச்சே காணோம் என்பதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூசர் ஸ்டோரி 1990-களின் பிற்பகுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் கட்டும் முறையோடு வந்தது. வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் குழுவோடு கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதிகளில் ஒன்று. ஆகவே சின்ன அட்டையில் இரண்டு வரி எழுதினால் போதும். சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடலாம். அந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2001-இல் இதை அட்டை, உரையாடல், உறுதிப்பாடு என்று மூன்றாகச் சொன்னார். அட்டை வெறும் நினைவூட்டுச் சீட்டு. சரக்கு உரையாடலில் இருக்கிறது. அதே ஆண்டு, சிறு சிறு படிகளாக மென்பொருள் கட்டுவதை வலியுறுத்தி வெளியான அஜைல் அறிக்கையின் 12 கோட்பாடுகளில் ஒன்றும், தகவலைக் கொண்டு சேர்க்க நேருக்கு நேர் பேசுவதைவிடச் சிறந்த வழி இல்லை என்கிறது. இன்று எல்லோரும் மந்திரம்போல் எழுதும் "ஒரு இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக" என்ற வார்ப்பும் அந்தக் காலத்தில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவானதுதான்.

குழு பல நாடுகளுக்குப் பிரிந்தபோது அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது. உரையாடல் பின்னாலேயே வரவில்லை. ஆனால் எழுதும் பழக்கம் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிட்டது. கோளாறுக்கு வேர் இதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். எழுதியவருக்கும் கட்டுபவருக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய ஒரு வேலை நாள் ஆகிறது. ஸ்பிரிண்ட் என்பது வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் ஒரு தவணை; இரண்டு வார ஸ்பிரிண்டில் இருப்பது 10 வேலை நாள். ஒன்றின் பதிலிலிருந்து அடுத்தது முளைக்கும் மூன்று கேள்விகள் வந்தால் 3 நாள் போச்சு. இதைவிட மோசமானது கேள்வியே வராமல் போவது. கேட்டால் ஒரு நாள் வீணாகும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட டெவலப்பர், தானே ஒன்றை ஊகித்துக் கட்டிவிடுவார். டெஸ்டர் வேறொன்றை ஊகித்துச் சோதிப்பார். எதைக் கட்டுவது என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர் மனத்தில் இருந்தது மூன்றாவது. இது வெளிச்சத்துக்கு வருவது ஸ்பிரிண்டின் கடைசி நாளில்.

ஒரு ஸ்டோரியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். பயண முன்பதிவுச் செயலி ஒன்றுக்கு இப்படி எழுதப்படுகிறது: "ஒரு பயணியாக, என் முன்பதிவை ரத்து செய்ய விரும்புகிறேன், பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக." கீழே அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா (வேலை முடிந்ததாக ஏற்பதற்கான நிபந்தனைகள்) என்ற தலைப்பில் ஒரே வரி: "புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுத் தொகை, அதன் பிறகு பாதி."

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. கட்ட உட்கார்ந்தவுடன் கேள்விகள் கிளம்புகின்றன. 24 மணி நேரத்தை அளப்பது எந்தக் கடிகாரம்? பயணியின் போனா, சர்வரா? சரியாக 24 மணி நேரம் இருந்தால் முழுத் தொகையா, பாதியா? கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் வருடத்தில் ஒரு நாள் 23 மணி நேரம்தான், இன்னொரு நாள் 25. அங்கே "முந்தைய நாள் இதே நேரம்" என்பதும் "24 மணி நேரம் முன்பு" என்பதும் ஒன்றல்ல. ஒரே முன்பதிவில் நான்கு இருக்கை வாங்கியவர் ஒன்றை மட்டும் விடலாமா? பாதித் தொகையை எங்கே முழுமையாக்குவது? ஜப்பானிய யென்னுக்குப் புழக்கத்தில் உள்பிரிவு இல்லை. குவைத் தினாருக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். பயணி ரத்துப் பக்கத்தைத் திறக்கும்போது 24 மணி 5 நிமிடம் இருக்கிறது, முழுத் தொகை என்று திரை காட்டுகிறது. யோசித்துவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது 23 மணி 58 நிமிடம் ஆகிவிட்டது. இப்போது எவ்வளவு கொடுப்பது? நெட் மெதுவாக இருப்பதால் இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகுமா?

ஒரே அறையில் இருந்தால் இதெல்லாம் பத்து நிமிடப் பேச்சு. பிரிந்த குழுவில் இதை முன்கூட்டியே எழுத்தில் கொண்டுவர வேண்டும். அதற்காகப் பத்துப் பக்க ஆவணம் எழுத வேண்டாம். ஏறக்குறைய இவ்வளவு போதும்:

தலைப்பு: பயணி தன் முன்பதிவைத் தானே ரத்து செய்வது.

ஏன்: இப்போது ரத்து செய்ய உதவி மையத்தை அழைக்க வேண்டும், இரவில் அங்கே ஆள் இல்லை. விடிவதற்குள் 24 மணி நேர எல்லை தாண்டிவிடுவதாகப் புகார் வருகிறது.

விதி: ரத்து வேண்டுகோள் சர்வருக்கு வந்து சேர்ந்த நொடி கணக்கு, யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரப்படி. புறப்பாட்டுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் முழுத் தொகை, குறைவாக இருந்தால் பாதி, புறப்பட்ட பிறகு ரத்து இல்லை. பாதித் தொகை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகுக்கு, பயணிக்குச் சாதகமாக முழுமையாக்கப்படும்.

உதாரணம்: புறப்பாடு 2025-03-10, 09:00 யூ.டி.சி. வேண்டுகோள் வந்தது 2025-03-09, 09:00:00 என்றால் முழுத் தொகை. 09:00:01 என்றால் பாதி. திரையில் முழுத் தொகை காட்டி, அழுத்தும்போது எல்லை தாண்டியிருந்தால் உடனே ரத்து செய்யக் கூடாது. புதிய தொகையைக் காட்டி மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். ஒரே முன்பதிவுக்கு இரண்டாவது வேண்டுகோள் வந்தால் பணம் மறுபடி போகக் கூடாது; "ஏற்கெனவே ரத்தாகிவிட்டது" என்று காட்ட வேண்டும்.

இதில் இல்லாதது: நான்கில் ஒரு இருக்கையை மட்டும் ரத்து செய்வது, தேதி மாற்றுவது, கூப்பனில் வாங்கிய பயணம்.

ஒரு திரையளவுக்குள் அடங்கிவிடுகிறது. "ஒரு பயணியாக" என்ற வார்ப்பு இதில் இல்லை. அது இல்லாததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. வார்ப்பை நிரப்பிவிட்டாலே ஸ்டோரி எழுதியாகிவிட்டது என்ற நினைப்புதான் ஆபத்து. "ஒரு யூசராக, எனக்கு டேட்டாபேஸில் ஒரு புது நெடுவரிசை வேண்டும்" என்று எழுதும் அளவுக்கு இது முற்றிவிட்டது. எந்த யூசரும் நெடுவரிசை கேட்டு அழுததில்லை. சொல்லப்போனால், ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறைக்கான கையேட்டின் 2020 பதிப்பில் யூசர் ஸ்டோரி என்ற சொல்லே கிடையாது. வடிவம் குழுவின் விருப்பம்.

மேலே உள்ளவற்றில் அதிகம் உழைப்பவை இரண்டு: உதாரணமும், "இதில் இல்லாதது" என்ற வரியும். விதியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம். 09:00:01 என்ற எண்ணை அப்படிப் படிக்க முடியாது. டெஸ்டர் அதை அப்படியே சோதனையாக எடுத்துக்கொள்வார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சரியாக எல்லையின்மேல் ஒன்று கொடுத்தால் பாதிக் கேள்வி வராது. "இதில் இல்லாதது" வரியை எழுதாவிட்டாலோ, ஓர் இடத்தில் இருப்பவர் ஆர்வத்தில் ஒற்றை இருக்கை ரத்தையும் கட்டிவிடுவார். அது பணம் கணக்கிடும் பகுதியைத் தொட்டு, இன்னொரு இடத்தில் இன்னொருவர் செய்துகொண்டிருக்கும் வேலையோடு மோதும்.

உதாரணங்களைத் தேடி எடுக்க நல்ல வழி, மென்பொருள் நிபுணர் மேட் வின் 2015-இல் விளக்கிய எக்ஸாம்பிள் மேப்பிங், அதாவது விதிகளையும் உதாரணங்களையும் வண்ண அட்டைகளில் பிரித்து வைப்பது. மஞ்சள் அட்டையில் ஸ்டோரி, நீலத்தில் விதி, பச்சையில் உதாரணம், சிவப்பில் பதில் தெரியாத கேள்வி. ஏறக்குறைய 25 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நீல அட்டை வரிசையாக நீண்டால் ஸ்டோரி பெரிது, உடைக்க வேண்டும். சிவப்பு குவிந்தால் ஸ்பிரிண்டுக்கு இன்னும் தயாரில்லை. பிரிந்த குழுவில் இதை ஆன்லைன் பலகையில் இரண்டு தவணையாகச் செய்வது நல்லது: எழுதியவர் மஞ்சளும் நீலமும் வைத்துவிட்டுப் போவார், மற்ற இடத்தில் இருப்பவர்கள் தங்கள் பகலில் பச்சையும் சிவப்பும் சேர்ப்பார்கள், இருவரும் விழித்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் சிவப்பை மட்டும் பேசுவது. அந்தப் பொது நேரத்தை ஸ்டோரியை உரக்கப் படித்துக் காட்டச் செலவழிக்கும் ரிஃபைன்மென்ட் (ஸ்டோரிகளைச் சீர்ப்படுத்தும்) கூட்டங்கள் பெரிய வீண்.

எல்லாச் சிவப்பும் முன்கூட்டித் தெரியாது. பாதி வேலையில்தான் சில கேள்வி முளைக்கும். அதற்காக ஸ்டோரியில் ஒரு வரி வேண்டும்: பதில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, யார் முடிவு சொல்வார், அவர் இல்லாவிட்டால் யார். திரும்ப மாற்றக்கூடியதை, அதாவது பொத்தானின் சொல், பட்டியலின் வரிசை, பிழைச் செய்தியின் வாசகம் போன்றவற்றைக் கட்டுபவரே தீர்மானித்து, "இப்படி எடுத்துக்கொண்டேன்" என்று டிக்கெட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம். பணம் நகர்வது, தரவு அழிவது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போவது போன்றவற்றில் ஊகம் கூடாது. அங்கே நிறுத்திவிட்டு வேறு ஸ்டோரியை எடுக்க வேண்டும். இந்தக் கோட்டை யாரும் போட்டுக் கொடுக்காத குழுவில் ஒருவர் எல்லாவற்றுக்கும் காத்திருப்பார், இன்னொருவர் எதற்குமே காத்திருக்க மாட்டார்.

அடுத்தது மொழி. குழுவில் பலருக்கு டிக்கெட்டின் மொழி தாய்மொழியாக இருக்காது. பெரும்பாலும் எழுதியவருக்கே இருக்காது. ரத்து, நீக்கம், செல்லாததாக்குதல் என்று மூன்று சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது பள்ளிக் கட்டுரைக்கு அழகு. ஸ்டோரியில் அது மூன்று வெவ்வேறு வேலையாகப் படிக்கப்படும். கேன்சல் என்று தொடங்கினால் முடியும்வரை கேன்சல்தான். "அது", "இது", "மேற்படி" போன்றவற்றையும் குறைக்க வேண்டும். எந்த "அது" என்று கேட்கவே ஒரு நாள் போகும். மஸ்ட், ஷுட், மே என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் அடிக்கடி குழப்புகின்றன. இன்டர்நெட் தரநிலை எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி இருந்ததால்தான் 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம் வந்தது: மஸ்ட் கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விடலாம், மே என்றால் விருப்பம். ஸ்டோரியில் ஷுட் என்று எழுதுபவர் கட்டாயம் என்று நினைத்து எழுதுகிறார். படிப்பவர் முடிந்தால் செய்யலாம் என்று படிக்கிறார்.

"இப்போது உள்ளதுபோலவே இருக்கட்டும்" என்ற வாசகம் இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. இப்போது எப்படி இருக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு குழுவில் சேர்ந்தவருக்குத் தெரியாது. அவர் பழைய நிரலைத் தோண்டி, அதில் உள்ள பிழையையும் சேர்த்துப் புதிதில் கட்டிவைப்பார். உள்ளதை இரண்டு வரியில் எழுதிவிட்டு எது மாறக் கூடாது என்று சொல்வதே பத்திரம். "வேகமாக", "எளிதாக" என்பவையும் அப்படியே. 100 வேண்டுகோளில் 95-க்கு 2 விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்றால் அளந்து பார்க்கலாம்.

தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 03/04 என்பது ஒரு நாட்டில் மார்ச் 4, இன்னொரு நாட்டில் ஏப்ரல் 3. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரநிலைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதினால் தகராறு இல்லை. "நாளை மாலைக்குள்" என்று எழுதவே கூடாது, யாருடைய நாளை?

ஸ்டோரியை எப்படி உடைப்பது என்பதில் பிரிந்த குழுக்கள் வழக்கமாக ஒரே பள்ளத்தில் விழுகின்றன. திரை ஓரிடத்தில், சர்வர் வேலை இன்னோரிடத்தில், டெஸ்டிங் வேறோரிடத்தில் என்று ஆட்கள் பிரிந்திருப்பதால் ஸ்டோரியையும் அப்படியே வெட்டிவிடுகிறார்கள். அமைப்பின் தொடர்புகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அது கட்டும் மென்பொருளும் இருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதினார். அப்படி வெட்டிய துண்டு எதுவும் தனியாகப் பயனருக்கு எதுவும் தராது. ஒவ்வொன்றும் மற்றொன்றுக்காகக் காத்திருக்கும். காத்திருப்பு ஒவ்வொன்றும் ஓர் இரவு. முன்பதிவு ரத்தை வேறு விதமாக வெட்டலாம். முழுத் தொகை விதியை மட்டும் திரையிலிருந்து பணம் திரும்புவதுவரை முதலில் முடிப்பது. அந்த விதிக்குள் வராதவர்களுக்கு உதவி மைய எண்ணைக் காட்டுவது. அடுத்த ஸ்டோரியில் பாதித் தொகை, அதற்கடுத்து ஒற்றை இருக்கை. ஒவ்வொன்றும் 2 அல்லது 3 நாள் வேலை, ஒவ்வொன்றையும் தனியாக வெளியிடலாம்.

வேலை எப்படியும் இரண்டு இடத்தில்தான் நடக்கும் என்றால், இரண்டு தரப்பும் தொடங்குமுன் நடுவில் உள்ள ஏபிஐ ஒப்பந்தத்தை, அதாவது திரையும் சர்வரும் தகவல் பரிமாறும் விதத்தை, ஸ்டோரியிலேயே வைக்க வேண்டும்: அனுப்பும் மாதிரி ஒன்று, வெற்றிப் பதில் ஒன்று, தோல்விப் பதில்கள் எல்லாம். ஏற்கெனவே ரத்தானதை மறுபடி ரத்து செய்யும்போது 409 (முரண்பாடு என்ற பிழைக் குறியீடு) வருமா, 200 (வெற்றிக் குறியீடு) வந்து பழைய விவரத்தையே தருமா என்பதை முதல் நாளே எழுதிவைத்தால், திரை கட்டுபவர் போலிப் பதிலை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். வெற்றிப் பதிலை மட்டும் எழுதிவிட்டுத் தோல்வியை விட்டுவிடுவதுதான் வழக்கம். இணைக்கும் நாளில் உடைவதும் அந்த இடம்தான்.

பதில்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். டிக்கெட்டுகளை வைக்கும் செயலி ஜிராவோ வேறெதுவோ, டிக்கெட்டின் அடியில் 40 கமென்ட் சேர்ந்துவிடும்; 12-ஆவதில் ஒரு முடிவு, 31-ஆவதில் அதற்கு எதிரான முடிவு. சாட்டில் சொன்ன பதிலோ அந்த உரையாடலில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வழி எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்: பதில் எங்கே கிடைத்தாலும், கேட்டவர் அன்றே ஸ்டோரியின் உடலைத் திருத்த வேண்டும், அடியில் தேதியோடு ஒரு வரி, என்ன மாறியது, யார் சொன்னது. கமென்ட் விவாதத்துக்கு, உடல் உண்மைக்கு. டிசைன் இணைப்பிலும் இதே கவனம் வேண்டும். டிசைனர் அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பார். திங்கட்கிழமை பார்த்துக் கட்டத் தொடங்கியவரும் வியாழக்கிழமை பார்த்துச் சோதித்தவரும் வெவ்வேறு திரையைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தேதியின் பதிப்பை உறையவைத்து ஸ்டோரியோடு இணைக்க வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, பழையபடி தடித்த தேவை ஆவணத்துக்கே திரும்பச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம், அப்படி இல்லை. மென்பொருள் நிபுணர் பில் வேக் 2003-இல் நல்ல ஸ்டோரியின் ஆறு பண்புகளாகத் தந்த இன்வெஸ்ட் பட்டியலில் இரண்டாவது பண்பே ஸ்டோரி பேசி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான். டேட்டாபேஸில் எந்த டேபிள், நிரலில் எந்த கிளாஸ், பொத்தான் எத்தனை பிக்சல் என்று எழுதினால் கட்டுபவரின் மூளையைப் பூட்டிவிடுகிறோம். அவருக்குத் தெரிந்த எளிய வழி நமக்குத் தெரியாமலே போகும். வெளியில் தெரியும் விளைவை இறுக்கமாகவும், உள்ளே செய்யும் வழியைத் தளர்வாகவும் எழுத வேண்டும். நிபந்தனை ஏழு எட்டைத் தாண்டினால் அது ஒரு ஸ்டோரி இல்லை. இப்போது ஏ.ஐ. கருவியிடம் கொடுத்தால் இருபது நிபந்தனையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடுகிறது. எல்லாம் ஒழுங்காகத் தோன்றும், யாரும் முடிவெடுக்காத விஷயங்களும் முடிவெடுத்ததுபோல அதில் உட்கார்ந்திருக்கும். கேள்வி எழுப்ப அது உதவும். பதில் எழுத விடக் கூடாது.

ஸ்டோரி தயாரா என்று பார்க்க ஒரு சோதனை போதும். எழுதும்போது கூட்டத்தில் இல்லாத ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் அதைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல், தாங்கள் புரிந்துகொண்டதை மூன்று மூன்று வரியில் எழுத வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரி ஓட்டை என்பது உடனே தெரியும். "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று அழைப்பில் கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதைவிட இது நூறு மடங்கு மேல். ஸ்பிரிண்ட் தொடங்க 3 நாள் முன்பே இதைச் செய்தால்தான், ஓட்டையை அடைக்க இரண்டு இரவாவது மிஞ்சும்.

ஸ்டோரியை மூடும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டியது எழுதியதிலிருந்து எங்காவது விலகியிருக்கும். அந்த விலகலை ஸ்டோரியில் திருத்திவிட்டு மூட வேண்டும், ஆறு மாதம் கழித்து "பாதித் தொகை ஏன் பயணிக்குச் சாதகமாக முழுமையாகிறது?" என்று கேட்டு வருபவர் முதலில் திறப்பது அந்த டிக்கெட்டைத்தான்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் தேவைகளை எழுதும் பணியில் உள்ள ஒரு வாசகர்